திருத்தத்துக்கு நான்கு வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகத் தொடங்கியதல்ல. போன வாரம் டெல்லியிலிருந்து எனக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. ஊரக வளர்ச்சி, மீன்வளம், வீட்டுவசதி ஆகியவற்றுக்கான திட்டங்கள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று ஆராயும் நாடாளுமன்றக் குழு ஒன்று ஜனவரியில் எங்கள் பக்கம் வந்து போயிருந்தது. அந்தக் குழுவின் முன் நான் பேசிய இரண்டு வாக்கியங்களைத் தட்டச்சு செய்து, சரிதானா என்று பார்த்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். தாளின் அடியில் ‘திருத்தம் ஏதேனும் இருப்பின்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே நான்கு கோடுகள். கையெழுத்துக்கு ஓர் இடம். வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும்.

இன்று திங்கட்கிழமை.

நான்கு வரிதானே என்று உட்கார்ந்தேன். ‘நான்’ என்று எழுதினேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. நகராட்சிக்கும் மின்வாரியத்துக்கும் ஆயர் இல்லத்துக்கும் எத்தனையோ கடிதம் எழுதிய கை இது. ஒன்றிலும் இப்படி நின்றதில்லை. பிறகு வேறொரு தாளை எடுத்து ‘பால்சாமி’ என்று எழுதிப் பார்த்தேன். ஓடியது.

பால்சாமி என் பெயர்தான். அதை மறைத்து வாசகருக்கு ஆட்டம் காட்டுகிற வயது எனக்கு இல்லை, எழுபத்து நான்கு ஆகிறது. ஆனால் ‘நான்’ என்பதற்கும் ‘பால்சாமி’ என்பதற்கும் நடுவே ஒரு மேசை அகலம் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் அவரை உட்கார வைத்துவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல முடிகிறது. ஆகவே இனி அவர் அவர்தான். நான் குறுக்கிட நேர்ந்தால் அடைப்புக்குறிக்குள் பேசுவேன்.

2

முதல் தொடக்கம்: விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனிகள் இருக்கும் பகுதியில் வெள்ளைத் தூசி படியாத ஒரே பொருள் பால்சாமியின் வேட்டி.

(அழகாக இருக்கிறது. பொய். மனைவி மதலேனா இருந்தவரை உண்மை. அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: பால்சாமியின் தகப்பனார் காலத்திலிருந்து அந்தக் குடும்பம் யாரிடமும் கை நீட்டியதில்லை.

(உண்மை. ஆனால் தப்பு செய்தவர்கள்தான் மனுவை இப்படித் தொடங்குவார்கள். இதையும் அடித்துவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: பால்சாமியின் சூளையில் முதலில் வைக்கும் டைல்ஸில் எப்போதும் அவர் மனைவியின் பெயர் இருக்கும்.

இது நிற்கட்டும். இதற்கு விளக்கம் வேண்டும்.

பால்சாமியுடையது ஆறு பேர் வேலை செய்யும் சின்னக் கம்பெனி. பியூஸ் கட்டைகள் செய்வார்கள். கூடவே பெயர் டைல்ஸும் உண்டு. அரசாங்கம் கட்டிக்கொடுக்கும் தொகுப்பு வீடுகளின் முகப்பில், திட்டத்தின் பெயரும் வீட்டுக்காரரின் பெயரும் போட்டு ஒரு டைல்ஸ் பதிக்க வேண்டும். அந்த வேலை சுற்றுவட்டாரத்துக்கு அவரிடம்தான் வந்தது. ஒவ்வொரு முறையும் சூடு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள முதல் டைல்ஸை நெருப்புக்கு மிக அருகில் வைப்பார்கள். பாதி நாள் அது வெடித்துவிடும். மற்றக் கம்பெனிகளில் பட்டியலில் உள்ள முதல் பெயரையே வைத்துவிட்டு, வெடித்தால் இன்னொன்று செய்வார்கள். பால்சாமியும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார், மதலேனா பார்க்கும்வரை.

“என்னாங்க, லிஸ்ட்டுல மொத பேரையே வெக்கிறீங்க? அந்தப் பொம்பள இன்னும் குடியே போவல. அதுக்குள்ள அவ பேரு வெடிச்சா நல்லாவா இருக்குது?”

“வேற யாரு பேர வெக்கிறதாம்? உன் பேரையா?”

“வைங்க. எனக்கு வூடு இருக்குது. வூட்டுல நீங்க வேற இருக்கீங்க. இதுக்கு மேல வெடிக்கறதுக்கு என்னா இருக்குது?”

அன்றிலிருந்து முதல் டைல்ஸ் அவள் பெயரில். மதலேனா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பால்சாமி வழக்கத்தை மாற்றவில்லை. வெடிக்காமல் வெளியே வருவதை வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கையறைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைப்பார். இருபத்தாறு இருக்கின்றன.

(சென்னையிலிருந்து வந்த மகன் சகாயராஜ், “என்னப்பா, கல்லறைத் தோட்டம் மாதிரி இருக்கு” என்றான். “ஸ்டாக்கு” என்றேன்.)

3

அந்த வரிசையில் இல்லாத இருபத்தேழாவது டைல்ஸைப் பற்றித்தான் இந்தக் கதை.

பூவாயி அந்தக் கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை செய்தவள். காய்ந்த சாமான்களை மெருகுப் பூச்சில் முக்கி எடுப்பது அவள் வேலை. மதலேனா படுக்கையில் விழுந்த கடைசி ஏழு மாதமும் காலையும் மாலையும் வந்து அவளைப் புரட்டி, துடைத்து, தலை வாரிவிட்டது பூவாயிதான். யாரும் கூப்பிடவில்லை. அவளாக வந்தாள். பெண்ணாடம் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டிய அவள் ஊரில் ஐந்து தொகுப்பு வீடுகள் வந்தன. அதில் நடு வீடு அவளுக்கு.

போன வருடம் மார்ச் முப்பதாம் தேதி சூளையைத் திறந்தபோது பூவாயி பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

“மொதலாளி, என் டைல்ஸு வந்துடுச்சிங்களா?”

பால்சாமி எடுத்துக் காட்டினார். குறுக்கே வெடித்திருந்தது. முதல் டைல்ஸ் முழுசாக இருக்க, இவள் பெயர் வெடித்திருந்தது. நெருப்பு அன்று ஆளை மாற்றிவிட்டது.

“அய்யய்ய. நாளைக்கு ஓவர்சியரு நந்தகுமாரு சார் போட்டோ எடுக்க வராருங்களே. செவுத்துல டைல்ஸு இருந்தாத்தான் வூடு முடிஞ்சதா ஏத்துவாங்களாம். நாளைய விட்டா அடுத்த வருசத்து லிஸ்ட்டுதான்னு சொல்லிட்டாரு.”

“அடுத்த சூளை சனிக்கிழமைதான்.”

“சனிக்கிழம நந்தகுமாரு சார் வர மாட்டாரு. பொண்ணு பாக்கப் போறாராம். மூணாவது பொண்ணு. அதுவும் இவர வேணாம்னு சொல்றதுக்குள்ள மார்ச்சு முடிஞ்சிடும்.”

சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள். மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த முதல் டைல்ஸைப் பார்த்தாள்.

“அதக் குடுங்களேன். அந்த மனுசன் பேரெல்லாமா படிக்கப் போறாரு? போட்டோவுல வெள்ளையா ஒண்ணு தெரிஞ்சா போதும். நாளன்னிக்கு பத்திரமா கொண்டாந்துடறேன்.”

“அது அம்மா பேரு.”

“தெரியுமுங்க. எனக்குப் படிக்கத் தெரியும்.”

பால்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து அந்த டைல்ஸைச் சுற்றிக் கொடுத்தார். அவர் துண்டை இன்னொருவர் கையில் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்துத் துண்டு துவைத்து மடித்து வந்தது. டைல்ஸ் வரவில்லை. போட்டோவுக்குத்தான் என்று கொத்தனாருக்கு யாரும் சொல்லவில்லை. சிமெண்ட் வைத்து அழுத்திப் பதித்துவிட்டார். பெயர்த்தால் உடையும்.

“இருக்கட்டும் விடு,” என்றார் பால்சாமி. “உன்னோடது சனிக்கிழமை வந்துடும். மாத்திக்கலாம்.”

சனிக்கிழமை வந்தது. வெள்ளையில் நீல எழுத்து, ‘பூவாயி’ என்று. ஒரு கீறல் இல்லை. பால்சாமி அதைத் தாளில் சுற்றிக் கம்பெனி பீரோவின் கீழ்த் தட்டில் வைத்தார். அன்று பூவாயி விடுப்பு, வீடு ஏறிவிட்டதால் பிறகு அவளும் அதைக் கேட்கவில்லை.

4

(இங்கே எனக்கு பால்சாமியின் மேல் சந்தேகம் வருகிறது. பாத்திரம் ஒன்று காரணம் இல்லாமல் ஒரு காரியம் செய்தால் வாசகர் விடமாட்டார். ஏன் பீரோவில் வைத்தார்?)

மறந்துவிட்டார் என்று எழுதலாம். அவர் எதையும் மறப்பவர் இல்லை.

கொத்தனார் கிடைக்கவில்லை என்று எழுதலாம். கம்பெனிக்கு எதிரே இரண்டு கொத்தனார்கள் குடியிருக்கிறார்கள்.

முழங்கால் வலி என்று எழுதலாம். அது இருக்கிறது. ஆனால் அதே முழங்காலோடு அவர் அந்த ஏப்ரலிலிருந்து வாரத்துக்கு இரண்டு தரம் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். பெண்ணாடத்தில் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். போகும்போது இடதுபுறம் ஜன்னலோரம், வரும்போது வலதுபுறம். ரைஸ் மில் தாண்டி ஏரிக்கரையில் பஸ் திரும்பும்போது வேகம் குறையும். சாலையைப் பார்த்த ஐந்து வீடுகள். நடு வீட்டுச் சுவரில் மதலேனா என்று இருக்கும்.

படுக்கையறையில் அதே பெயர் இருபத்தாறு தரம் இருக்கிறது. ஆனால் அங்கே அது சுவரில் சாய்ந்து கிடக்கும். இங்கே ஒரு வீட்டின் முகப்பில் இருந்தது. வாசலில் கோலம் இருந்தது. உள்ளே அடுப்புப் புகைந்தது. பஸ் கடந்துபோகும் அந்த நேரத்துக்கு, அந்த வீட்டில் மதலேனா என்று ஒருத்தி குடியிருப்பதாக

(இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். இப்படியே விடுகிறேன்.)

5

நாடாளுமன்றக் குழுவும் வாசகரும் கேட்பவை ஒரே கேள்விகள்தான். யார், எப்போது, யாருடையது, உண்மையா. வித்தியாசம் என்னவென்றால், வாசகர் பின்னால் ஜீப்பும் சால்வையும் ஒலிபெருக்கியும் வருவதில்லை. ஜனவரியில் குழு வந்தபோது எல்லாம் வந்தன. பெயர் டைல்ஸ் செய்து தருபவர் என்பதால் பால்சாமிக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாக யூனியன் ஆபீஸிலிருந்து அழைத்திருந்தார்கள். அவர் இஸ்திரி போட்ட வேட்டியோடு காலையிலேயே போய் நின்றார்.

முதலில் மீன் வளர்ப்பைப் பார்க்க ஏரிக்கரை. அன்று காலை ஏரித் தண்ணீர் கண்ணாடிபோல

(வேண்டாம். கலங்கலாகத்தான் இருந்தது. முந்தின நாள் இரண்டு வேன் மீனைக் கொட்டினால் வேறு எப்படி இருக்கும்?)

குழுவின் தலைவர் நரைத்த தலையும் கதர்ப் புடவையுமாக ஒரு வடநாட்டு அம்மையார். அவர் கேட்பதைத் தமிழில் சொல்ல ஓர் இளைஞர். ஏரிக்குக் காவல் இருந்த மாயவனைக் கூப்பிட்டார்கள். அவன் பூவாயியின் புருஷன். மீன் எத்தனை மாதமாக வளர்கிறது என்பது கேள்வி. அம்மையாரின் முதுகுக்குப் பின்னால் ஓர் அதிகாரி ஆறு விரல்களைக் காட்டிக்கொண்டிருந்தார். மாயவன் அந்த விரல்களை நிதானமாகப் பார்த்தான்.

“நேத்து சாயந்தரம் வந்துதுங்க. இன்னும் எங்க தண்ணி அதுங்களுக்குப் பழகல. மொதல்ல கொக்குக்குத்தான் தகவல் போச்சு. எங்களுக்கு அதுக்கப்புறம்தான் சொன்னாங்க.”

அம்மையார் வாய்விட்டுச் சிரித்து, குறித்துக்கொண்டார். ஆறு விரல்கள் மடங்கின. அசட்டுப் பயல், பிழைக்கத் தெரியாதவன் என்று பால்சாமி மனதுக்குள் நினைத்தார்.

(இதை அடிக்கலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். இருக்கட்டும். அவர் அப்படித்தான் நினைத்தார்.)

ஒரு மணி நேரம் கழித்து வீடுகள். பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். நடு வீட்டின் முன் அம்மையார் நின்றார்.

“இது யார் வீடு?” என்றார் மொழிபெயர்த்த இளைஞர்.

“என்துங்க.”

“பேரு?”

“பூவாயி.”

இளைஞர் சுவரைப் படித்தார். “இங்க மதலேனான்னு போட்டிருக்கே. மதலேனா யாரு?”

“எங்க மொதலாளி வூட்டு அம்மா.”

கூட்டத்தில் எவனோ ஒருவன், “அடேங்கப்பா, கம்பெனிக்காரருக்கே தொகுப்பு வூடா!” என்றான். சிரிப்பு எழுந்தது. பங்குச் சாமியார் அங்கே இருந்தார். வியாபாரிகள் சங்கத்தார் இருந்தார்கள். அம்மையார் திரும்பினார். உங்கள் மனைவி பெயரில் ஏழைகளுக்கான வீட்டை வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்கப்பட்டது.

பால்சாமி முதுகை நிமிர்த்தினார். டெல்லியிலிருந்து தட்டச்சாகி வந்த இரண்டு வாக்கியங்கள் இவைதான்:

“அரசாங்க வீடு வாங்குகிற குடும்பம் அல்ல எங்களுடையது. அந்த டைல்ஸ் எங்கள் கம்பெனியிலிருந்து திருடு போனது.”

(முதல் வாக்கியத்தில் இன்றும் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அதற்கு முட்டுக்கொடுக்க வந்து நின்றது இரண்டாவது.)

பூவாயி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பொன்னாடைக்கு அடியில் தெரிந்த துண்டைப் பார்த்தாள். அவள் துவைத்து மடித்துக் கொண்டுவந்த அதே துண்டு.

6

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே எழுத முடியும். பூவாயியின் பெயர் பட்டியலில் நிறுத்தி வைக்கப்பட்டது. கடைசித் தவணை நின்றது, மின் இணைப்பு வரவில்லை. திருட்டு டைல்ஸை வைத்துப் போட்டோ எடுத்ததால் விசாரணை முடிந்ததும் வீட்டைப் பூட்டி சீல் வைக்க நேரலாம் என்று யூனியன் ஆபீஸில் சொன்னார்கள். மறுநாள் அவள் வேலைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும்.

பதிவுத் தபால் வந்த மூன்றாம் நாள் சகாயராஜ் போனில் பேசினான்.

“அப்பா, திருத்தம் ‘இல்லை’ன்னு எழுதி கையெழுத்துப் போட்டு அனுப்பிடுங்க. ஒரே வார்த்தை. இதுக்கு எதுக்கு ரெண்டு நாள்?”

“பூவாயி வீடு போயிடும்டா.”

“வேற வீடு குடுப்பாங்க. உங்க பேத்தி ஆன் மேரிக்கு மாப்பிள்ள பாக்கற நேரம். பார்லிமெண்ட்டுக்கே பொய் சொன்ன குடும்பம்னு பேரு வரணுமா?”

“நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் பொய்...”

(அந்த வாக்கியம் போனிலேயே அப்படித்தான் நின்றது. நான் சேர்க்கவோ குறைக்கவோ இல்லை.)

7

நேற்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, கம்பெனியைத் திறந்து, பீரோவின் கீழ்த் தட்டிலிருந்து தாளில் சுற்றியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பால்சாமி பஸ் ஏறினார். அந்தப் பஸ்ஸிலிருந்து முதல் தடவையாக ஏரிக்கரையில் இறங்கினார்.

நடு வீட்டுச் சுவரில் டைல்ஸ் இருந்த இடத்தில் ஓர் உரச்சாக்கு தொங்கியது.

“வாங்க மொதலாளி,” என்றாள் பூவாயி. “உள்ள வந்து உக்காருங்க. சேர் இல்ல. வூடும் யாருதுன்னு தெரியல. ஆனா உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. “வேலைக்கு ஏன் வரல?”

“திருடுன எடத்துக்கே திரும்ப வேலைக்கு வர்றது மரியாதைங்களா?”

பால்சாமி பையிலிருந்து டைல்ஸை எடுத்து நீட்டினார். பூவாயி வாங்கித் தன் பெயரைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

“பூச்சு நல்லா ஏறியிருக்குது. எப்ப சுட்டீங்க?”

(போன சனிக்கிழமை என்று சொல்லியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும்.)

“ஏப்ரல்ல.”

“பத்து மாசம்.” அவள் டைல்ஸைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்த்தாள். பிறகு, “அப்ப எங்க வூட்டுக்காரரு சொன்னது நெசம்தான். ‘ஒங்க மொதலாளி வாரத்துக்கு ரெண்டு வாட்டி பஸ்ஸுல போறாரு, நம்ம வூடு வந்தா ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டறாரு, சீட்டு கெடைக்காத அன்னிக்கு எழுந்து நின்னு குனிஞ்சி பாக்கறாரு’ன்னு சொல்லுவாரு. நான் நம்பல. அவரு எங்கயாவது குனிவாரான்னு கேட்டேன்.”

பால்சாமிக்கு முகம் சுட்டது.

“சொல்லியிருந்தீங்கன்னா மாத்தவே வேணாம்னு நானே சொல்லியிருப்பேனுங்க. அம்மா பேருதான? இருந்துட்டுப் போவட்டும்னு.”

“இப்பவும் இருக்கட்டும்.”

பூவாயி எழுந்துபோய்ச் சாக்கைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே டைல்ஸ் துடைத்துவைத்த தட்டுபோல இருந்தது.

“இது இப்ப அம்மா பேரு இல்லைங்க. திருட்டு டைல்ஸு. அத்தன பேருக்கு முன்னால சொன்னது நீங்கதான? போறவங்க வர்றவங்க கையக் காட்டிச் சிரிக்கறாங்க. அம்மா பேர யாரும் கையக் காட்டக் கூடாதுன்னுதான் சாக்குப் போட்டேன்.”

தன் பெயர் போட்ட டைல்ஸை அவள் திரும்பத் தாளில் சுற்றி அவர் பையிலேயே வைத்தாள்.

“இத நீங்களே வெச்சிக்குங்க. வூடு என்துன்னு காயிதம் வந்தா எடுத்தாங்க. பதிச்சிக்கலாம்.”

“போயிட்டு வரேன்,” என்றார் பால்சாமி.

“வாங்க,” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவருக்குப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது சுலபமாக இருந்திருக்கும்.

8

இனி முடிவு.

முடிவு அ: பால்சாமி ‘இல்லை’ என்று எழுதி அனுப்புகிறார். ஆன் மேரியின் கல்யாணம் நல்லபடி நடக்கிறது. பெரியவர் என்று முதல் வரிசையில் உட்கார வைக்கிறார்கள். வீடு திரும்பிப் படுக்கையறைக் கதவைத் திறந்தால், இருபத்தாறு மதலேனாக்கள். ஒருத்தியும் பேசுவதில்லை.

முடிவு ஆ: நாடாளுமன்றக் குழு தானே உண்மையைக் கண்டுபிடித்து, அறிக்கையில் ஒரு பத்தி எழுதி, பூவாயிக்கு வீட்டைக் கொடுத்துவிடுகிறது. பால்சாமி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. (இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்ப முடியவில்லை.)

முடிவு இ: இன்று சாயங்காலம் நான் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், பால்சாமியின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவர்மேலேயேதான் உட்கார வேண்டியிருந்தது. படிவத்தை இழுத்து மூன்று வரி எழுதினேன்.

நான் சொன்ன இரண்டாவது வாக்கியம் பொய்.

டைல்ஸ் திருடு போகவில்லை. என் துண்டில் சுற்றி என் கையால் பூவாயிக்குக் கொடுத்தேன்.

வீடு அவளுடையது, அவள் பெயர் போட்ட டைல்ஸைப் பத்து மாதம் கொடுக்காமல் வைத்திருந்தவன் நான்.

ஒரு கோடு மீதி இருக்கிறது. ஏன் வைத்திருந்தேன் என்பதற்கான கோடு. பெண்ணாடம் பஸ்ஸைப் பற்றி நாடாளுமன்றத்துக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கையெழுத்து இன்னும் போடவில்லை. மகனிடம் சொல்லவில்லை. உறையின்மேல் முகவரி மட்டும் எழுதி, காற்றில் பறக்காமல் இருக்க பூவாயியின் டைல்ஸைத் தூக்கி வைத்திருக்கிறேன்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அந்த வெள்ளிக்கிழமை போயிருக்கும். அனுப்பினேனா இல்லையா என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னாலும், என் வாய்ச்சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை ஐந்தாம் பகுதியில் பார்த்துவிட்டீர்கள். நீங்களே போய்ப் பார்ப்பதுதான் முறை. விருத்தாசலம் பஸ் நிலையத்தில் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி இடதுபுறம் உட்காருங்கள். ரைஸ் மில் தாண்டி ஏரிக்கரையில் பஸ் திரும்பும்போது வேகம் குறையும். ஐந்து வீடுகளில் நடு வீடு. சுவரில் சாக்கு தொங்குகிறதா என்று பாருங்கள். தொங்கவில்லையென்றால் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள்.

ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் எழுந்து நின்று குனிந்து பாருங்கள். அந்த பஸ்ஸில் யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களுக்குப் பழகிவிட்டது.